இரண்டு ஊசி, ஒரு நூல்: கையால் தோல் தைக்கத் தொடங்குபவர்களுக்கு

கத்தியுறை, இடுப்புப்பட்டி, பட்டி மாட்டின் மணிப்பட்டை, வாய் பிளந்த சப்பாத்து, தோள்பட்டி அறுந்த பை. வன்னியில் தோல் தைக்கும் தேவை பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒன்றில்தான் வந்து நிற்கும். தைக்கத் தொடங்குபவர்கள் முதலில் கருவி வாங்க ஓடுகிறார்கள். முப்பது சாமான் அடங்கிய மலிவுப் பெட்டி ஒன்று இணையத்தில் வந்து சேரும். அதில் பாதியை ஒருநாளும் தொடமாட்டார்கள்; மீதிப் பாதி ஒரு மாதத்தில் மழுங்கிவிடும். ஒழுங்கு வேறு. முதலில் தோலின் தடிப்பைப் பாருங்கள். அது தையல் இடைவெளியைச் சொல்லும். இடைவெளி நூலைச் சொல்லும், நூல் ஊசியைச் சொல்லும், ஊசி துளையைச் சொல்லும். இந்த வரிசையில் ஒன்று பிசகினால் எவ்வளவு விலை கொடுத்த கருவியும் அதைத் திருத்தித் தராது.

ஏன் இரண்டு ஊசி

தையல் இயந்திரம் மேலிருந்து ஒரு நூலையும் கீழிருந்து ஒரு நூலையும் கொண்டுவந்து தோலுக்கு நடுவில் கொக்கிபோலக் கோக்கிறது. ஒரு இடத்தில் மேல்நூல் தேய்ந்து அறுந்தால், கீழ்நூலைப் பிடித்து வைத்திருந்த கொக்கி போய்விடும். இழுக்க இழுக்க வரிசையாகக் கழன்று வரும். கைத்தையலில் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. இரண்டு ஊசியும் ஒவ்வொரு துளைக்குள்ளாலும் எதிரெதிர்த் திசையில் போய்வரும். ஒரு பக்கத்தில் ஒரு தையல் அறுந்தாலும், அதே துளைகளில் மற்றப் பாதி நூல் இருந்து பிடிக்கும். குதிரைச் சேணம் தைப்பவர்கள் இன்றைக்கும் இந்த முறையை விடாததற்குக் காரணம் இதுதான். பழைய துணி தைக்கிற மாதிரி ஒற்றை ஊசியால் ஓட்டுத்தையல் போட்டால் அது இரண்டுக்கும் கீழான வேலை.

கையில் இருப்பது தோல்தானா

வெட்டிய விளிம்பைப் பாருங்கள். கீழே துணிப் பின்னலும் மேலே வழுவழுப்பான படலமும் தெரிந்தால் அது றெக்சின். துளையிட்ட கோட்டிலேயே கிழியும், பழகுவதற்கும் உதவாது. உண்மைத் தோலின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை நார்தான் இருக்கும்.

அடுத்தது பதனிட்ட விதம். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் உள்ளேயும் வெளியேயும் மண்ணிறம், விறைப்பு, நனைத்தால் நிறம் கறுக்கும், காய்ந்ததும் கொடுத்த வடிவத்தில் நிற்கும். எங்கள் பற்றைக்காடுகளில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவரசின் பட்டை ஒருகாலத்தில் தென்னிந்தியாவில் இதற்கென்றே உரிக்கப்பட்டது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, மடிந்து கொடுக்கும், வெட்டுமுகத்தின் நடுவில் பெரும்பாலும் நீலச்சாம்பல் ஓடும். ஐயமாக இருந்தால் விரல்நகமளவு துண்டைக் கொதிநீரில் போடுங்கள். பட்டைத்தோல் சுருண்டு விறைத்துவிடும். குரோம் தோல் அப்படியே கிடக்கும். உறை, பட்டி, மணிப்பட்டை எல்லாவற்றுக்கும் பட்டைத்தோல். பேர்ஸ், பை, மெத்தை உறைக்குக் குரோம் தோல்.

பழகுவதற்குப் புதுத்தோல் வாங்கத் தேவையில்லை. பழைய தோல் இடுப்புப்பட்டி, பாடசாலைச் சப்பாத்தின் மேற்பகுதி, கழித்துவிட்ட சோபா உறை எல்லாம் போதும். பேருந்து நிலையத்தருகே சப்பாத்துத் தைப்பவரிடம் வெட்டுத்துண்டுகள் கிடைக்கும். கேட்கும்போது அவர் பாவிக்கும் குத்தூசியையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். இறைச்சிக் கடையில் வாங்கி வெயிலில் காயவிட்ட பச்சைத்தோல் பறைக்கும் மேளத்துக்கும் சரி. இந்த வேலைக்கு ஆகாது. நனைந்தால் தொய்ந்து நாறும்.

தடிப்பை மில்லிமீற்றரில் கேளுங்கள். வெளிநாட்டுத் தோல் அவுன்ஸ் கணக்கில் வந்தால் 1 அவுன்ஸ் சுமார் 0.4 மி.மீ.; 8 அவுன்ஸ் தோல் 3.2 மி.மீ. தடிப்பு.

இடைவெளியும் நூலும்

பேர்ஸ் போன்ற மெல்லிய வேலைக்கு (1 முதல் 1.5 மி.மீ. தோல், இரண்டு மடிப்பு) இடைவெளி 3 மி.மீ., நூல் 0.4 முதல் 0.5 மி.மீ. பை, பட்டி போன்றவற்றுக்கு (ஒவ்வொரு மடிப்பும் 2 மி.மீ. அளவு) 4 மி.மீ. இடைவெளியும் 0.6 மி.மீ. நூலும். கத்தியுறை, மாட்டுப்பட்டைக்கு 5 மி.மீ. இடைவெளி, 0.8 மி.மீ. நூல், 6 மி.மீ. இடைவெளி என்றால் 1 மி.மீ. நூல். தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, உறுதியாக இருக்கட்டும் என்று தடித்த நூலை நெருக்கமாகத் தைப்பது. துளைகள் நெருங்கினால் தோலில் முத்திரைத்தாளின் கிழிகோடு மாதிரி ஒன்றைத்தான் போட்டிருக்கிறீர்கள். இழுபடும்போது நூல் நிற்கும், தோல் அந்தக் கோட்டில் பிரியும்.

துளை அடிக்கும் பல் உளிகளில் பிரெஞ்சு முறையானவற்றில் மி.மீ. இல்லாமல் 7, 8, 9 என்று எண் இருக்கும். அது 27.07 மி.மீ. நீளத்துக்குள் எத்தனை தையல் என்ற கணக்கு. 8 என்றால் 3.38 மி.மீ., 9 என்றால் 3 மி.மீ., 7 என்றால் 3.87 மி.மீ. எண் கூடினால் தையல் சிறுக்கும்.

இனி நூல். வாங்கக்கூடியவற்றில் தொடக்கத்துக்கு நல்லது மெழுகேற்றிய பொலியெஸ்டர் நூல். ஈரத்துக்கு உக்காது, அதிகம் நீளாது, முனையைச் சூடுகாட்டி உருக்கி முடிக்கலாம். பின்னிய வகை, முறுக்கிய வகை என்று இரண்டு உண்டு. பின்னிய தட்டையான நூல் துளையில் படிந்து கிடக்கும். தைக்கும்போது முறுக்கு அவிழ்ந்து தொல்லை தராது. லினன் நூல் பார்வைக்கு அழகு, பிடிமானமும் நல்லது. ஆனால் அது தாவர நார். மாரியில் நனைந்தும் வியர்வை பட்டும் கிடக்கும் சாமானில் முதலில் போவது அதுதான். லினனில் 18/3, 25/3 என்ற எண்களில் முன்னது கூடக் கூட இழை மெலியும், பின்னது எத்தனை புரி என்பது.

முல்லைத்தீவுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வலைநூல் கடையே நூல்கடை. அங்கே இரண்டு விதமான நைலோன் இருக்கிறது. தங்கூசி எடுக்காதீர்கள். ஒற்றைக் கம்பிபோல இருக்கும் அந்த இழை வழுக்கும், முடிச்சில் நிற்காது, பாரம் ஏறினால் தோலையே அறுக்கும். பல இழை சேர்த்து முறுக்கிய வலைநூல் உதவும். அதன் சுற்றில் 210/9, 210/12 என்று போட்டிருப்பார்கள். 210 என்பது ஒரு இழையின் டெனியர், அதாவது 9000 மீற்றரின் கிராம் எடை. 9 என்பது எத்தனை இழை என்பது. பெருக்கினால் 1890 டெனியர். 1000 மீற்றருக்கு 210 கிராம். தோல் நூல்களில் ‘டெக்ஸ் 210’ என்று வருவது இந்த எடைதான், ஆகவே இரண்டையும் ஒப்பிடலாம். தடிப்பை எண்ணை நம்பி முடிவுசெய்யாமல் அளந்து பாருங்கள்: பென்சிலில் பத்துச் சுற்று இடைவெளியின்றிச் சுற்றி, அடிமட்டத்தில் அகலத்தைப் பார்த்துப் பத்தால் பிரிக்க வேண்டியதுதான். நைலோனின் குறை, அது நீளும்; நாள்கணக்காய் வெயிலில் கிடந்தால் வலுவும் இழக்கும். மணிப்பட்டைக்குப் பொலியெஸ்டரே நல்லது. பழகுவதற்கும் உறைகளுக்கும் வலைநூல் தாராளம்.

எதுவும் கிடைக்காவிட்டால் தையற்கடை நூலிலேயே செய்துகொள்ளலாம். 40/2 பொலியெஸ்டர் நூலில் 2 மீற்றர் நீளத்துக்கு 8 இழை எடுத்து, ஒரு முனையை ஆணியில் மாட்டி, எல்லாவற்றையும் சேர்த்து மெழுகு ஏற்றி, தொடையில் ஒரே பக்கமாக உருட்டுங்கள். அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேலான நூல் வரும். பிடித்துத் தொங்கவிட்டால் அது தானாகச் சுழலக் கூடாது; சுழன்றால் முறுக்கு அதிகம், தைக்கும்போது முடிச்சு விழும். அந்த 40/2 நூலை ஒற்றையாகப் போட்டுத் தோல் தைப்பது மட்டும் வேண்டாம், கத்தி போட்ட மாதிரித் துளையைக் கிழிக்கும். பருத்தி நூலும் சணலும் உக்கும். பனந்தும்பு கயிற்றுக்கு நல்லது, இதற்கு விறைப்பு அதிகம்.

மெழுகு நூலுக்குப் பிடிமானம் தரும், இழைகளை ஒட்டி வைத்திருக்கும், துளைக்குள் நீர் இறங்குவதையும் குறைக்கும். காட்டுத்தேன் பிழிபவர்களிடம் பிழிந்த வதையைக் கேட்டு வாங்குங்கள். அநேகமாக எறியப்போகிற சாமான்தான். துணியில் கட்டி, தண்ணீர் உள்ள பாத்திரத்தில் மெல்லச் சூடாக்கினால் மெழுகு உருகி மேலே வரும். ஆறியதும் தகடுபோல எடுத்துக்கொள்ளலாம். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும், ஆகவே பொங்கக் காய்ச்ச வேண்டியதில்லை. நேரடி நெருப்பில் வைத்தால் தீப்பிடிக்கவும் கூடும். மெழுகுதிரி இதற்குப் பதிலாகாது. அது நூலில் ஒட்டாமல் செதிலாக உதிரும். நூலை மெழுகுக் கட்டியில் மூன்றுதரம் இழுத்து, பிறகு துணியால் அழுத்தி வேகமாக உருவினால் சூட்டில் உள்ளே இறங்கும்.

எவ்வளவு நூல் வெட்டுவது

‘தையலின் நாலு மடங்கு’ என்று சொல்வார்கள். அது எப்போதும் சரிவராது, தடிப்பு கூடினால் நடுவில் நூல் தீர்ந்து திண்டாட வேண்டிவரும். கணக்கு இலகுவானது: ஒவ்வொரு தையலிலும் நூலின் இரண்டு பாதியும் ஒரு இடைவெளி தூரமும் ஒரு தடிப்பு தூரமும் போகின்றன. இடைவெளியையும் மொத்தத் தடிப்பையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, இடைவெளியால் பிரியுங்கள். இடைவெளி 4, மொத்தத் தடிப்பு 4 என்றால் நாலு மடங்கு. இடைவெளி 5, தடிப்பு 7.5 என்றால் ஐந்து மடங்கு. அதற்கு மேல் ஊசிகளுக்கும் முடிப்புக்கும் 40 செ.மீ. சேருங்கள். இரண்டு கை விரித்த நீளத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நூல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு துளையிலும் உரசி உரசிக் கடைசிப் பகுதி மெலிந்துவிடும், கையும் ஓயும்.

ஊசி

இதற்கு முனை மழுங்கிய ஊசி வேண்டும். துளை ஏற்கனவே இருக்கிறது, ஊசியின் வேலை நூலைக் கொண்டுபோவது மட்டும். கூரான ஊசி தோலில் புதுவழி தேடும். அதைவிடக் கேடு, துளைக்குள் இருக்கும் முதல் நூலையே குத்திக் கிழிக்கும். சேண ஊசி என்று விற்பது மழுங்கலாகவே வரும், எண் கூடினால் ஊசி மெலியும். கிடைக்காவிட்டால் மெத்தை தைக்கும் நேர் ஊசியை எடுத்து முனையைத் தீட்டுக்கல்லில் பத்துப் பன்னிரண்டு தரம் சுழற்றித் தேயுங்கள். உள்ளங்கையில் அழுத்தினால் குத்தாமல் இருந்தால் போதும். சாக்கூசி சரிவராது. முனை தட்டையும் வளைவுமாக இருப்பதால் துளையைப் பெருப்பிக்கும்.

நூல் கோக்கும் விதம் முக்கியம். முனையைக் கத்தியால் சுரண்டி மெலிதாக்கி மெழுகிட்டு, காதுக்குள்ளால் 7 செ.மீ. இழுங்கள். பிறகு அந்த வாலை ஊசி முனையால் இரண்டு மூன்று இடத்தில் நூலின் நடுவே குத்தி, குத்திய மடிப்புகளை ஊசிக்காதைத் தாண்டி நூல்மேல் இறக்கி இறுக்கினால் ஊசி கழராது. மழுங்கிய ஊசியால் குத்தக் கடினமென்றால் சாதாரண ஊசியால் முதலில் வழி செய்யுங்கள். காதுக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்டால் அது துளையில் சிக்கும்.

துளை

நல்ல துளை வட்டமானதல்ல, சாய்சதுரம். கோட்டுக்குச் சுமார் 45 பாகையில் சரிந்து நிற்கும். அப்படியான துளையில் நூல் சாய்வாகப் படியும், பின்பு தோல் தானாக மூடிக்கொள்ளும். வட்டக் குத்தூசியால் போட்ட துளையில் தையல் நேர்கோடாய்த் தளர்ந்து கிடக்கும்.

பல் வைத்த உளி இருந்தால் வேலை இலகு. இரண்டு பல் உளி ஒன்றும் நாலோ ஆறோ பல் உளி ஒன்றும் போதும். இரண்டு பல் உளி வளைவுகளுக்கு. அடிக்கும்போது முந்திய வரிசையின் கடைசித் துளையில் முதல் பல்லை வைத்துத்தான் அடுத்ததை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளி தவறும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளித்தலை பிசுங்கும், பல் முறியும். மரச் சுத்தியல் அல்லது கொட்டாப்புளி எடுங்கள். பாலை மரத்தில் ஒரு துண்டு இருந்தால் அதுவே ஆயுளுக்கும் காணும். அடியில் நிமிர்த்தி வைத்த மரக்குற்றி, அதன்மேல் பழைய றப்பர் செருப்பின் அடி. சீமெந்துத் தரையில் நேரே அடிப்பவர்கள் பல்லுக்கு வழியனுப்பு விழா நடத்துகிறார்கள்.

உளி இல்லாமலும் முடியும். எவர்சில்வர் முள்ளுக்கரண்டியின் பல்லிடைவெளியை அளந்து பாருங்கள், சில கரண்டிகளில் 5 மி.மீ.க்குக் கிட்ட வரும். நனைத்த தோலில் அழுத்தினால் அடையாளம் விழும். அல்லது இரண்டு முனையும் ஊசியான கவராயத்தை 4 மி.மீ.க்குத் திறந்து கோட்டோடு நடத்திக்கொண்டு போங்கள். பிறகு குத்தூசியால் ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். குத்தூசிக்குச் சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்று எடுத்து, முனையில் 3 செ.மீ. தூரத்தை அரத்தால் நாலு முகமாகச் சாய்சதுர வெட்டுக்கு ராவி, தீட்டுக்கல்லில் தீட்டி, கொய்யாக் கம்பில் பிடி போட்டால் தொடங்கப் போதுமான கருவி. கம்பியின் உருக்கு மென்மையானது என்பதால் அடிக்கடி தீட்ட வேண்டும். விளிம்புகளும் கூராக இருக்க வேண்டும். முனை மட்டும் கூரென்றால் தோலைக் குத்தாமல் தள்ளும்.

குத்தூசியைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் பாம்பாகவும் தையல் வந்தால், கைதான் சரிந்திருக்கிறது. வெளிவரும் பக்கத்தில் விரலை வைக்காமல் போத்தல் தக்கை ஒன்றை வையுங்கள்.

தையல் கோடு விளிம்பிலிருந்து 3 முதல் 4 மி.மீ. உள்ளே, தடித்த உறைக்கு 5. விளிம்புக்கு ஒட்டிப்போனால் இறுக்கும்போது தோல் பிய்ந்துவிடும்.

பிடிபலகை

இரண்டு கையும் ஊசிக்கு வேண்டும், ஆகவே தோலை வேறொன்று பிடிக்க வேண்டும். 75 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் கொண்ட இரண்டு பலகை, அடியில் நடுவே 4 செ.மீ. கட்டை வைத்துத் திருகாணி. மேல்முனைகள் ஒன்றையொன்று தொடும்படி உட்பக்கம் சற்றுச் சீவி, வாயில் தோல்துண்டு ஒட்டுங்கள். முழங்கால்களுக்கு நடுவே இறுக்கினால் வாய் மூடும். பனஞ்சலாகைத் துண்டுகள் இதற்கு நல்ல துள்ளல் உள்ளவை, ஆனால் சிராம்பு ஏறும். நன்றாகத் தேய்த்த பிறகே தொடையில் வையுங்கள். கால் ஓய்ந்தால் பழைய சைக்கிள் ரியூப்பை வரிந்து கட்டலாம்.

தைப்பது

20 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமுமான இரண்டு துண்டை ஒட்டி, 4 மி.மீ. இடைவெளியில் துளையிட்டுப் பழகுங்கள். நூல் ஒரு மீற்றர் இருபது. வலக்கைப் பழக்கக்காரருக்கான முறை இது. முன்பக்கம் வலப்புறம் இருக்கட்டும், தூர முனையிலிருந்து உங்களை நோக்கித் தையல் வரட்டும்.

1. தூர முனைத் துளைக்குள் ஒரு ஊசியை விட்டு நூலை இழுத்து, இரண்டு பக்கமும் சம நீளமாக்குங்கள்.

2. அடுத்த துளையில் முதலில் இடக்கை ஊசி. அது வலப்பக்கம் வந்ததும் வலக்கை ஊசியை அதன்கீழ் வைத்துக் குறுக்காகப் பிடித்து, இரண்டையும் சேர்த்து 5 செ.மீ. வெளியே இழுங்கள்.

3. வந்த நூலைத் துளையின் தூரப்பக்கத்துக்கு ஒதுக்குங்கள். இப்போது வலக்கை ஊசியை அதே துளையில், உங்களுக்குக் கிட்டிய பக்கமாக விடுங்கள். ஊசி பாதி நுழைந்ததும் முதல் நூலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஊசி நூலைக் குத்தவில்லை. ஆடாவிட்டால் ஊசியை வந்த வழியே எடுத்து மறுபடி விடுங்கள். குத்திய நிலையில் இழுத்தால் பிறகு அவிழ்க்கவும் முடியாது.

4. இரண்டு நூலையும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் இழுங்கள். நூல் தோலில் படிந்தால் போதும். தோல் குழிந்தால் கூடிவிட்டது.

முதல் ஊசி எந்தப் பக்கம், ஒதுக்குவது எந்தப் பக்கம் என்பதில் கைக்குக் கை வேறுபாடு உண்டு. எதை எடுத்தாலும் கடைசித் துளைவரை அதையே செய்ய வேண்டும். நடுவில் ஒரு துளையில் மாறினால் அந்த ஒரு தையல் மட்டும் சாயாமல் நேராய்ப் படுத்துக் காட்டிக்கொடுக்கும். தொலைபேசி அடித்தால் ஒரு துளையை முழுதாக முடித்துவிட்டு எடுங்கள்.

கடைசித் துளைக்குப் பிறகு வந்த வழியே இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, இரண்டு நூலையும் பின்பக்கம் கொண்டுவாருங்கள். பொலியெஸ்டர், நைலோன் என்றால் 2 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டர்ச் சுடரின் ஓரத்தைக் காட்டி உருகியதும் உலோகத்தால் அழுத்துங்கள். சுடரை நூலில் பிடித்து வைத்தால் மெழுகு பற்றித் தோல் கருகும். லினனை ஒட்டவே வெட்டி ஒரு பொட்டுப் பசை. பிறகு கோட்டின்மேல் தோல்துண்டு வைத்து மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் துளைகள் மூடித் தையல் அமரும்.

முதல் வேலை: கத்தியுறை

அலகு 15 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், முதுகு 3 மி.மீ. தடிப்பு என்று எடுத்துக்கொள்வோம். தோல் 2.5 மி.மீ. பட்டைத்தோல். கத்தியின் முதுகுப் பக்கம் மடிப்பு, வாய்ப் பக்கம் தையல். ஒரு பாதிக்கு அலகின் 30 மி.மீ., தையல் ஓரம் 12 மி.மீ.; இரண்டு பாதிக்கு 84, முதுகுக்கும் மடிப்புக்கும் 8 சேர்த்து 92 மி.மீ. அகலம். நீளம் 20 செ.மீ.; அதில் 3 செ.மீ. பிடியை மூடும். முதலில் காட்போட் மட்டையில் வெட்டி, கத்தியை வைத்து மடித்துப் பாருங்கள். தோலை வெட்டிய பிறகு தெரியவரும் பிழை விலை கூடியது.

நடுப்பட்டியை விட்டுவிடாதீர்கள். தையல் ஓரத்தில் இரண்டு பாதிக்கும் இடையில் 12 மி.மீ. அகலத் தோற்கீற்று ஒன்று, முனைவரை சுற்றி வரும். அது இல்லாத உறையில் அலகின் வாய் நேரே நூலில் படும்; பத்துத் தரம் எடுத்து வைத்தால் உறை கீழிருந்து திறந்துகொள்ளும், கை வெட்டுப்படும்.

உறையை மடிப்பதற்கு முன், இடுப்புப்பட்டி வளையத்தை உடலோடு படும் பின்பாதியில் தைத்துவிடுங்கள், பிறகு உள்ளே கை போகாது. மடிப்பு வரும் இடத்தை நனைத்து மடித்து, கவ்வியிட்டுக் காயவிடுங்கள். ஒட்டும் முகங்களை அரத்தாளால் சொரசொரப்பாக்கி, சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் பசையை இரண்டு முகத்திலும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அமுக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் என்று டப்பாவில் இருக்கும். சோளகக் காற்றில் நடுப்பகலில் சில நிமிடத்திலேயே காய்ந்துவிடும், மாரியில் அரை மணித்தியாலமும் எடுக்கும். விரலை நம்புங்கள். ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீயும் பற்றும். திண்ணையில் இருந்து செய்யுங்கள், அடுப்படியில் வேண்டாம்.

மூன்று மடிப்பும் சேர்ந்து 7.5 மி.மீ. தடிப்பு. 22 செ.மீ. தையலை 5 மி.மீ. இடைவெளியில் போட்டால் 45 துளை. நூல் ஐந்து மடங்கு, 110 செ.மீ.; முடிப்போடு 150. மூன்றாம் மடிப்பில் உளி மறுபக்கம் வராது. முன்பக்கத்தில் உளியால் அடித்து, மீதியைக் குத்தூசியால் ஒவ்வொன்றாகத் திறவுங்கள். ஊசி இறுகினால் குறட்டால் நேராக இழுங்கள். சரித்து இழுத்தால் காதில் முறியும். உறையின் வாயில், விளிம்பைச் சுற்றி நூலை ஒருதரம் கூடுதலாக ஓட்டுங்கள். இழுபாரம் முழுதும் அங்கேதான் விழும்.

விளிம்பை 220, பிறகு 400 அரத்தாளால் தேய்த்து, விரலால் தண்ணீர் தொட்டுப் பழைய சாரத்துணியால் சூடேறும்வரை உரசுங்கள். விளாம்பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பூச்சாகக் கொடுத்தால் பளபளப்பு நிற்கும். குரோம் தோலில் இந்த வேலை நடக்காது, பஞ்சாய்ப் பறக்கும்; அதன் விளிம்பை மடித்துத்தான் தைக்க வேண்டும்.

பிழைத்தால்

நூல் பஞ்சாய்ப் பிரிகிறதா? மெழுகு போதாது, அல்லது துளை சிறிது, அல்லது உளிப்பல்லில் பிசிறு. தையல் தளர்வா? ஊசி பெரிது, துளை அகன்றுவிட்டது. நூலைத் தடிப்பாக்கித் தப்ப நினைக்காதீர்கள். ஊசியை ஒரு எண் மெலிதாக்குங்கள். தையல் கோடு சுருங்கித் தோல் வில்லாய் வளைந்தால் கை அதிகம் இறுக்குகிறது. நைலோனில் இது அடுத்தநாள்தான் தெரியும், நீண்டது மெல்லச் சுருங்குவதால்.

பட்டைத்தோலில் திடீரென்று கறுப்புப் புள்ளிகள் வந்தால் அது அழுக்கல்ல. அரம் ராவிய இரும்புத் தூள் ஈரத்தில் தோலிலுள்ள பட்டைச்சாற்றோடு சேர்ந்து மை ஆகிறது. தேசிக்காய்ப் புளியைத் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் மங்கும். பிறகு தண்ணீரால் துடைத்துவிடுங்கள். கருவி தீட்டுகிற இடமும் தோல் வெட்டுகிற இடமும் வேறாக இருந்தால் இந்தச் சோலியே இல்லை.

எண்ணெய்யை அள்ளிப் பூசாதீர்கள். ஒரு பங்கு தேன்மெழுகை இரண்டு பங்கு தேங்காயெண்ணெய்யில், சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டு, துணியால் தேய்த்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வருடத்தில் இரண்டுதரம் போதும், ஒன்று ஐப்பசி மழைக்கு முன். மாரியில் பெட்டிக்குள் மூடி வைத்த தோலில் பூஞ்சணம் பிடிக்கும், காற்றுப்படத் தொங்கவிடுங்கள். கத்தியையும் அந்த மூன்று மாதம் உறைக்குள் விடாமல் வெளியே வையுங்கள். ஈரத்தோலுக்குள் கிடக்கும் இரும்பு, உறை எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாலும், துருப்பிடிக்கும்.